மிஸ்ஸிங் அடிக்கிற இன்ஜினை நம்பித் திரும்பலாமா?

கேள்வி: சார், எனக்கு 24 வயது, சொந்த ஊர் திண்டுக்கல். மெல்பேர்னில் படித்துக்கொண்டே வார இறுதியில் விமானம் ஓட்டக் கற்கிறேன். பணத்துக்கு இரவில் பெட்ரோல் பங்க் வேலை. இதுவரை 31 மணி நேரம் பறந்திருக்கிறேன். போன மாதம் செஸ்னா 172எஸ்-இல் தனியாகக் கிளம்பினேன். 350 அடி ஏறியதும் இன்ஜின் குலுங்க ஆரம்பித்தது. 2400-இல் இருந்த ஆர்பிஎம் 1900-க்கு வந்துவிட்டது. டவருக்குச் சொல்லிவிட்டு உடனே இடது பக்கம் திரும்பினேன். திரும்பும்போது ஸ்டால் ஹாரன் ஒருமுறை கத்திவிட்டு நின்றது. அதே ரன்வேயில் எதிர்ப்பக்கமாக இறங்கி, வேலிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினேன். விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரில் தூசி அடைத்திருந்ததாக மெக்கானிக் சொன்னார். நண்பர்கள் என்னை ஹீரோ என்கிறார்கள். என் பயிற்றுநரோ, நேராகப் போய் கோல்ஃப் மைதானத்தில் இறங்கியிருக்க வேண்டும் என்று கத்தினார்; இரண்டு வாரமாகத் தனியாகப் பறக்க விடவில்லை. அங்கே இறங்கியிருந்தால் விமானம் உடைந்திருக்கும். வீட்டு சிமுலேட்டரில் இதையே பத்து முறை செய்து பார்த்தேன். எட்டு முறை ரன்வேக்கு வந்துவிட்டேன். நான் செய்தது தப்பா? வேறு பள்ளிக்கு மாறிவிடலாமா? அப்பா டூவீலர் மெக்கானிக். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் முழுசாக இருந்து இந்தக் கடிதத்தை எழுதியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நீங்கள் செய்தது தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள். உங்கள் பயிற்றுநர் பக்கமும் ஒரு குறை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டால் ஹாரன் ஒருமுறை கத்திவிட்டு நின்றது என்கிறீர்களே, அது. அடுத்த முறை விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது இடது இறக்கையின் முன் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் ஒரு துணியைப் போட்டு, வாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே நாதஸ்வரச் சீவாளி மாதிரி ஒரு நாக்கு இருக்கிறது, அது அழும். கரண்ட் வேண்டாம், இன்ஜின் வேண்டாம், காற்று உறிஞ்சினால் போதும். இறக்கை விமானத்தைத் தூக்குவதை நிறுத்திவிடுகிற நிலைதான் ஸ்டால். அதற்கு 5 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) முன்னால் அது கத்தும்படி செய்திருக்கிறார்கள். அதாவது 300 சொச்சம் அடி உயரத்தில், இன்ஜின் உதறிக்கொண்டிருக்கும்போது, உங்களுக்கும் ஸ்டாலுக்கும் நடுவில் ஒருவேளை 5 நாட்தான் இருந்தது. ஒரு வேகமான காற்று வீச்சு போதும் அதைத் தின்றுவிட.

எவ்வளவு சாய்த்துத் திரும்பினீர்கள் என்று எழுதவில்லை. நினைவிருக்காது, யாருக்கும் இருக்காது. ஆனால் கணக்கு கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் 172எஸ் முழு எடையில், ஃபிளாப் (இறக்கையின் பின் விளிம்பில் இறக்கிவிடுகிற மடல்) இல்லாமல், நேராகப் பறந்தால் சுமார் 48 நாட்டில் ஸ்டால் ஆகும். 45 டிகிரி சாய்த்தால் அது 57 ஆகிவிடும். 60 டிகிரி என்றால் 68. அந்த விமானம் இன்ஜின் இல்லாமல் மிகத் தூரம் மிதந்து போக வேண்டிய வேகமும் அதே 68தான். நீங்கள் தனியாக இருந்ததால் எடை குறைவு, இந்த எண்களில் சில நாட் குறையும். அந்தச் சில நாட்தான் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கத்து சீட்டில் ஒரு நண்பரை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் பட்டறைக்கு வருவோம். ஒரு பைக் நடு ரோட்டில் சுத்தமாக நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு போன் எடுப்போம். அதே பைக் மிஸ்ஸிங் அடித்தால்? நிறுத்த மாட்டோம். ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி, எப்படியாவது வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் பார்ப்போம். அப்பாவைக் கேளுங்கள், அவரிடம் வருகிற வண்டிகளில் பாதி அப்படி இழுத்துக்கொண்டு வந்தவையாகத்தான் இருக்கும். இந்தப் பழக்கம் நம் கையிலும் காலிலும் ஊறிப் போனது. விமானத்தில் அதே புத்தி வேலை செய்தால் ஆளைக் கொன்றுவிடும்.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் பறக்கிற ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம், ஏடிஎஸ்பி, இதைத் தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறது. 2000 முதல் 2010 வரை ஒற்றை இன்ஜின் விமானங்களில் டேக் ஆஃப் ஆனதும் இன்ஜின் முழுசாக நின்றுபோனதாக வந்த புகார்கள் 75. அதில் ஒருவர்கூடச் சாகவில்லை. இன்ஜின் பாதி சக்தியில் உதறிக்கொண்டு ஓடியவை 242. அதில் ஒன்பது விபத்துகளில் உயிர் போயிருக்கிறது. முதல்முறை பார்த்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். இன்ஜின் ஓடுகிறபோது சாகிறார்கள், நின்றுபோனால் பிழைக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் நம்ப வரும்? ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் காரணம் புரிகிறது. இன்ஜின் செத்துவிட்டால் மனசு சண்டை போடாது. மூக்கை இறக்கி முன்னால் எது கிடைக்கிறதோ அதில் போய் இறங்குவோம். உதறினால் மனசு பேரம் பேச ஆரம்பித்துவிடும். 1900 ஆர்பிஎம் இருக்கிறதே, ரன்வே அங்கேதானே இருக்கிறது, கொஞ்சம் சாய்த்தால் போதுமே, உயரம் குறையாமல் கொஞ்சம் மூக்கைத் தூக்கினால் போதுமே. அந்த 'கொஞ்சம்' ஒவ்வொன்றும் வேகத்திலிருந்துதான் போகிறது.

நீங்கள் மூக்கைத் தூக்கிப் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தபோது மிச்சமிருந்த மூன்று சிலிண்டரும் நின்றிருந்தால், அடுத்த இரண்டு மூன்று நொடியில் வேகம் ஸ்டாலுக்குக் கீழே போயிருக்கும். சாய்ந்த நிலையில், பதற்றத்தில் வால் சுக்கானைத் திருப்புகிற இடது ரடர் பெடலையும் கொஞ்சம் அழுத்தியிருந்தால், உள்பக்க இறக்கை முதலில் விழும். அதிலிருந்து மீட்க 350 அடி போதாது. எனக்கும் போதாது.

இன்ஜின் முழுசாக நின்றே போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியுமா என்றும் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம், ஏனென்றால் உங்கள் சிமுலேட்டர் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. ரன்வேக்குத் திரும்புவது 180 டிகிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 70 நாட்டில் 45 டிகிரி சாய்த்தால் திரும்பும் வட்டத்தின் விட்டம் சுமார் 260 மீட்டர். அதாவது 180 டிகிரி முடிக்கும்போது நீங்கள் ரன்வேக்கு மேலே இருக்க மாட்டீர்கள், 260 மீட்டர் தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் எங்கேயோ வீட்டுக் கூரைகளுக்கு மேலே இருப்பீர்கள். அங்கிருந்து ரன்வேயை நோக்கி இன்னும் 45 டிகிரி திரும்பி, அப்புறம் நேராக்க எதிர்ப்பக்கம் 45 டிகிரி. மொத்தம் 270. இதற்கு மட்டும் 17 நொடி. இவ்வளவு சாய்ந்து மிதக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் இறங்கும். ஆக 17 நொடியில் சுமார் 300 அடி காலி. இன்ஜின் நின்றது மூளைக்கு உறைக்கிற சில நொடியையும், சாய்ப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் 350 அடி எங்கே மிச்சம்? சரி, சாய்வைக் குறைத்து 30 டிகிரியில் நிதானமாகத் திரும்பலாம் என்றால் அதற்கு 30 நொடி வேண்டும், வட்டமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அங்கேயும் 350 அடியை மீறிவிடும்.

சிமுலேட்டரில் எட்டு முறை வந்தது எப்படி? இன்ஜின் நிற்கப்போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதுதான். கை ஏற்கெனவே யோக்கில், அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கில், தயாராக இருக்கும். நிஜத்தில் முதல் மூன்று நான்கு நொடி 'இது என்ன சத்தம்?' என்பதிலேயே போய்விடும். விமானமோ ஏறும் கோணத்தில் மூக்கைத் தூக்கி வைத்திருக்கிறது, தள்ளுவதற்கு ஆள் இல்லாததால் வேகம் சரசரவென்று இறங்கும். இன்னொன்றும் கேட்கிறேன்: மீதி இரண்டு முறை என்ன ஆனது? அதை எழுதவே இல்லையே.

வேலிக்கு முன்னால் நிறுத்தியது பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எப்போதும் எதிர்க்காற்றில்தான் கிளம்புகிறோம். அதே ரன்வேயில் எதிர்ப்பக்கமாக இறங்கினால் அந்தக் காற்று முதுகில் இருக்கும். பத்து நாட் காற்று என்று வைத்துக்கொண்டால், 55 நாட்டில் தரை தொடும் விமானம் எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்து 45 நாட்டில் போகும், பின்காற்றில் 65-இல் போகும். வேகத்தில் 20தான் வித்தியாசம், ஆனால் நிறுத்தவோ நொறுங்கவோ வேண்டிய சக்தி இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். வேலி ஏன் அவ்வளவு கிட்டே வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். தரைக்கு அருகில் பின்காற்றில் திரும்பும்போது வீடுகளும் மரங்களும் விர்ரென்று ஓடுவதைப் பார்த்தால் வேகம் நிறைய இருப்பது மாதிரித் தோன்றும். கண் பொய் சொல்லும். கை தானாக யோக்கை இழுக்கும். உங்கள் ஹாரன் கத்தியது அந்த இடத்தில்தான் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். பின்னால் கிளம்பக் காத்திருந்த விமானம் ரன்வேக்குள் நுழைந்திருந்தால் என்ற கதை தனி.

கோல்ஃப் மைதானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனசில் உறுத்துவது அதுதான். இறங்கியிருந்தால் விமானம் உடைந்திருக்கும் என்கிறீர்கள். ஆமாம், உடைந்திருக்கலாம். உடையட்டுமே! இன்ஜின் போன நொடியிலேயே விமானம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டது என்று ஹேங்கர்களில் சொல்வார்கள். வேடிக்கைப் பேச்சு மாதிரி இருக்கும், ஆனால் அதை மனசார நம்புகிற பைலட்டின் கை நடுங்காது. ஒரு எண் சொல்கிறேன், பலர் நம்ப மாட்டார்கள். எதிர்க்காற்றில் 45 நாட், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொட்டால், ஒன்பது ஜி (உடம்பின் எடையைப் போல ஒன்பது மடங்கு விசை) அளவுக்கு மிகாமல் நின்றுபோக உங்களுக்கு வேண்டிய தூரம் மூன்று மீட்டர்தான். பெல்ட் ஒழுங்காகப் போட்டிருந்தால் மனித உடம்பு தாங்குகிற அளவு அது. அந்த மூன்று மீட்டரை ஒரு புதர் தரும், ஒரு கம்பி வேலி தரும், பிய்ந்து போகிற இறக்கை தரும். ஆனால் தரையைத் தொடும்போது விமானம் பறந்துகொண்டிருக்க வேண்டும், விழுந்துகொண்டிருக்கக் கூடாது. மூக்கு குத்தி விழுகிற விமானத்துக்குக் கோல்ஃப் புல்லும் கான்கிரீட்டும் ஒன்றுதான்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு செய்ததை இதற்கு உதாரணமாக வகுப்பில் சொல்வதுண்டு. 2015 மார்ச் 5, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா விமானத்தளம். இரண்டாம் உலகப் போர் காலத்து ரையன் பயிற்சி விமானம், அவருக்கு அப்போது 72 வயது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சக்தி போய்விட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் கழன்றிருந்தது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. அவரும் உங்களைப் போலத் திரும்பத்தான் ஆரம்பித்தார். ஆனால் ரன்வே எட்டாது என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, பக்கத்து கோல்ஃப் மைதானத்தைப் பிடித்தார். ஒரு மர உச்சியில் உரசி, புல்லில் வந்து மோதினார். பலத்த காயம், ஆனால் பிழைத்தார். தோள் பெல்ட்டை மாட்டியிருந்த இருக்கைத் தகடு கிழிந்து போகாமல் இருந்திருந்தால் காயம் இன்னும் குறைந்திருக்கும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர் திரும்பத் தொடங்கியது இல்லை, தொடங்கியதைக் கைவிட்டது. முடிவெடுத்துவிட்டோமே என்று அதையே பிடித்துத் தொங்காமல் இருக்கத் தெரிவது பெரிய விஷயம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுக்கிற ஆள் என்று நினைப்பீர்கள். பல வருடம் முன்பு, மேற்கு விக்டோரியாவில் ஒரு பைப்பர் வாரியர் விமானம். காலைக் குளிர். 400 அடியில் டப் டப் என்று உதறல், டாஷ்போர்டே ஆடியது. இறக்கையைச் சமமாக வைத்து மூக்கை இறக்கினேன். ஒரு பத்து நொடியில் இன்ஜின் தானாகவே சரியாகி, பழையபடி சீராக ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று மெல்லத் திரும்ப ஆரம்பித்தேன். மறுபடி உதறல், முன்னைவிட மோசமாக. இந்தமுறை உயரத்தைப் பிடித்து வைக்கவே முடியவில்லை. நல்ல வேளையாக நான் இருபது டிகிரிக்கு மேல் சாய்க்கவில்லை, கீழே அறுவடை முடிந்த ஒரு பெரிய வயல் இருந்தது. நேராக்கி அதில் இறக்கினேன். முன் சக்கரம் மடங்கிவிட்டது, ப்ரொப்பெல்லர் வளைந்துவிட்டது. எனக்கு நாக்கைக் கடித்துக்கொண்டதோடு சரி. அந்தப் பண்ணைக்காரர் நாலு சக்கர பைக்கில் வந்து முதலில் கேட்டது, "வேலி ஏதாவது உடைந்ததா? அந்தப் பக்கம் ஆடு நிற்கிறது" என்றுதான். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று கைடில் சிக்கிச் சிக்கி விடுபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பத்து நொடி நல்ல சத்தத்தை நம்பி நான் ஊருக்கு மேலே திரும்பியிருந்தால் என்ற எண்ணம் இப்போதும் சில ராத்திரி வரும்.

அப்படியென்றால் உதறும் இன்ஜினோடு திரும்பவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. எந்த நொடியில் நின்றாலும் இறங்க ஓரிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நிபந்தனையோடு எவ்வளவு வேண்டுமானாலும் திரும்புங்கள். அன்றைக்கு நீங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான்: உதறல் வந்ததும் மூக்கை இறக்கி 68 நாட்டை வாங்கிக்கொள்வது. இறக்கை சமமாக, முகம் கோல்ஃப் மைதானத்தை நோக்கி. கை ஒருமுறை ஓடி பெட்ரோல் பம்ப் ஆன், மிக்ஸ்சர் ரிச் (காற்றில் பெட்ரோல் அதிகம்), பெட்ரோல் செலக்டர் போத் (இரண்டு டேங்கும்), மேக்னெட்டோ போத் (தீப்பொறி தரும் இரண்டும்). அவ்வளவுதான், அதற்கு மேல் 350 அடியில் மெக்கானிக் வேலை பார்க்கக் கூடாது. 1900 ஆர்பிஎம்மில் அந்த வேகத்தில் உயரம் நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால், மைதானத்தை விட்டு விலகாமல், 15 டிகிரிக்கு மேல் சாய்க்காமல், அதன் ஓரமாகவே சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் சேர்ப்பது. வந்த உயரம் வரவு. உயரம் நிற்கவில்லை என்றால் பேச்சே இல்லை, மைதானம்தான். டவரோடு பேசுவதெல்லாம் இதற்கு அப்புறம். நீங்கள் முதலில் டவருக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு ஏழு நொடியில் அவர்களால் உங்களுக்கு ஒரு அடி உயரம்கூடக் கொடுத்திருக்க முடியாது.

டேக் ஆஃப் ஓட்டத்தில் ஆர்பிஎம்மைப் பார்த்தீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை. முழு த்ராட்டில் கொடுத்ததும் 172எஸ் நின்ற இடத்திலேயே 2300-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர் சில சமயம் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும், ஒரு மெல்லிய உதறலோடு. ரன்வேயில் இருக்கும்போதே த்ராட்டிலை மூடினால் நஷ்டம் பத்து நிமிட டாக்ஸி, அதாவது தரையில் உருட்டிக்கொண்டு திரும்பி வருவது.

இப்போது உங்கள் பயிற்றுநர். அவர் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் தனியாகப் பறக்க விடாதது சரி. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அவர் குறை என்று சொன்னேனே, அது இது: எனக்குத் தெரிந்து பெரும்பாலான பயிற்றுநர்கள், நானும் ரொம்ப வருடம் அப்படித்தான், இன்ஜின் கோளாறு என்றால் த்ராட்டிலை ஒரே இழுப்பில் ஐடிலுக்கு இழுத்துவிட்டு "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். அதனால் மாணவன் கற்பது செத்த இன்ஜினைத்தான். உதறுகிற இன்ஜினை அவன் முதல்முறை சந்திப்பதே தனியாக இருக்கும்போதுதான். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வேறு பள்ளிக்குப் போனால் அங்கேயும் அநேகமாக இதேதான். ஆகவே மாறாதீர்கள், அவரிடமே போய், "பாதி பவரோடு ஒரு பாடம் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்டால் அவர் கோபம் பாதி இறங்கிவிடும், நான் உத்தரவாதம்.

அந்தப் பாடத்தில் இரண்டு விஷயம் செய்யுங்கள், இரண்டும் அவரோடு, 3000 அடிக்கு மேலே. முதலாவது, 68 நாட்டில் உயரம் குறையாமல் பறக்க எவ்வளவு ஆர்பிஎம் வேண்டும் என்று கண்டுபிடித்து முழங்கால் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே காட்டினால் ஏறுவது பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று அர்த்தம். இரண்டாவது, 74 நாட்டில் ஏறும்போது அவர் த்ராட்டிலை மூடட்டும். நீங்கள் எதையும் தொடாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணுங்கள். அப்புறம் மூக்கை இறக்கி, 45 டிகிரி சாய்த்து, மொத்தம் 270 டிகிரி திரும்பி, எவ்வளவு உயரம் போயிற்று என்று பாருங்கள். முதல்முறை 600 அடியைத் தொலைத்துவிட்டு வெளிறிப்போன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருகிற எண்ணோடு அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்குக் கீழே ரன்வே உங்களுக்குப் பின்னால் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏகூட, எப்போது திரும்பலாம், எப்படித் திரும்பலாம் என்பதைப் பயிற்றுநர்கள் செய்து காட்ட வேண்டும் என்றுதான் இப்போது சொல்கிறது. திரும்பவே கூடாது என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, ஏன் முடியாது என்று உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் பார்ப்பது நல்லது. நேராகப் போ என்று மட்டும் சொன்னால் உங்கள் வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அப்புறம், ரன்வேயில் நுழைவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருந்தாலும். மனசுக்குள் சொன்னால் கணக்கில் வராது. தமிழிலேயே சொல்லலாம், இன்ஜினுக்கு மொழி தெரியாது. நான் சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "ஓடும்போது ஏதாவது சரியில்லை என்றால் த்ராட்டில் மூடி பிரேக். மேலே ஏறி, ரன்வே மிச்சம் இருந்தால் அதிலேயே இறக்குகிறேன். ரன்வே முடிந்துவிட்டால் மூக்கு கீழே, 68, கோல்ஃப் மைதானம், ஏரிக்கு இடது பக்கம். 800 அடி வரும்வரை திரும்பும் பேச்சே இல்லை. உதறினாலும் இதேதான்." கடைசி வாக்கியத்தைப் போன வாரம் வரை சில மாணவர்களிடம் சேர்க்கச் சொல்ல மறந்திருக்கிறேன். உங்கள் கடிதத்துக்கு அப்புறம் எல்லோரையும் சொல்லவைக்கிறேன். 800 என்பது என் எண். உங்களுடையது நீங்கள் மேலே போய் அளந்து வருவது. கோல்ஃப் மைதானத்தைக் காரில் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். எந்தப் பக்கம் மரம், எந்தப் பக்கம் மணல் குழி, எங்கே கம்பி வேலி என்று தரையில் நின்று பார்த்தால் மேலேயிருந்து முடிவெடுக்கக் கை தயங்காது. அங்கே காபியும் நன்றாக இருக்கும்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்கிறீர்கள். அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் போகவில்லை, மிஸ்ஸிங் அடித்தது, இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றால் போதும். மீதியை அவரே புரிந்துகொள்வார். நான் எழுதிய அத்தனையையும் அவர் இரண்டு வார்த்தையில் திட்டித் தீர்த்துவிடவும் கூடும். அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பாடம் முடிந்ததும் எத்தனை அடி போனது என்று எனக்கு எழுதுங்கள்.